மூன்று நிமிடத்தில் முனைவர் ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எச்டி. ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வைச் சில நிமிடங்களில், துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியும்படி விளக்கும் போட்டிகள் இன்று பல நாடுகளில் நடக்கின்றன. பெயர் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்களும், கொடுத்துவிட்டு இப்போது என்ன செய்வதென்று முழிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றில் அதிகம் பரவிய ‘த்ரீ மினிட் தீசிஸ்’ போட்டியை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மற்ற போட்டிகளைப் பற்றிப் பின்னால் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

இந்தப் போட்டியில் சரியாக என்னதான் செய்ய வேண்டும்?

மேடையில் நீங்கள் ஒருவர் மட்டும் நிற்பீர்கள். பின்னால் திரையில் அசையாத ஒரே ஒரு ஸ்லைடு. மூன்று நிமிடத்துக்குள் உங்கள் ஆய்வு எதைப் பற்றியது, அதை ஏன் செய்கிறீர்கள், இதுவரை என்ன தெரிந்தது என்று சொல்லி முடிக்க வேண்டும். எதிரே இருக்கும் நடுவர்களும் பார்வையாளர்களும் படித்தவர்கள்தான், ஆனால் உங்கள் துறை அவர்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

80,000 சொல் கொண்ட ஆய்வேட்டைப் பேசி முடிக்க ஒன்பது மணி நேரம் ஆகும் என்று போட்டியைத் தொடங்கியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 சொல் என்ற வேகம் அது. அதே வேகத்தில் மூன்று நிமிடத்துக்கு 450 சொல்தான் வரும். அதாவது ஆய்வேட்டில் எழுதிய ஏறக்குறைய 178 சொல்லுக்கு மேடையில் ஒரு சொல் என்ற அளவில்தான் இடம்.

எங்கே தொடங்கியது? ஏன் மூன்று நிமிடம்?

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், 2008-ல். அப்போது அந்த மாநிலத்தில் கடும் வறட்சி. குளியலை மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ள வசதியாக, முட்டை வேகவைக்கப் பயன்படும் சின்ன டைமரைக் குளியலறைச் சுவரில் ஒட்டிவைக்கும் வழக்கம் மக்களிடையே இருந்தது. அங்கே ஆய்வு மாணவர்களுக்கான பட்டப் பள்ளியின் தலைவராக இருந்த ஆலன் லாசனுக்கு யோசனை அதிலிருந்துதான் வந்தது. ஆக, இந்த மூன்று நிமிடம் மனிதக் கவனத்தைப் பற்றிய எந்த ஆராய்ச்சியிலிருந்தும் வரவில்லை, குளியலறைச் சுவரிலிருந்து வந்தது. நான்கு நிமிடம் தந்திருந்தால் என்ன என்று நொந்துகொள்பவர்களுக்கு இது ஓர் ஆறுதலாக இருக்கலாம்.

முதல் ஆண்டில் 160 பேர் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு மற்ற ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. 2010-ல் இரு நாடுகளுக்கும் பொதுவான இறுதிப் போட்டி நடந்தது. இப்போது 85-க்கும் மேற்பட்ட நாடுகளில் 900-க்கும் அதிகமான பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன.

யார் கலந்துகொள்ளலாம்?

பதிவில் இருக்கும் பி.எச்டி. ஆய்வாளர்கள். குவீன்ஸ்லாந்து விதிப்படி, ஆய்வுத் திட்டம் ஏற்கப்பட்டு பதிவு உறுதி செய்யப்படும் கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களும் வரலாம். பட்டம் வாங்கிவிட்டவர்கள் வர முடியாது. எம்.ஃபில். மாணவர்களைச் சில பல்கலைக்கழகங்கள் தங்கள் உள்சுற்றில் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அதற்கு மேலான சுற்றுகளுக்கு அது செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

விதிகள் எவ்வளவு கறாரானவை?

நேர விஷயத்தில் மிகக் கறார். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் தகுதி நீக்கம்தான், கொஞ்சம் மதிப்பெண் குறைத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். வாக்கியத்தை முடித்துக்கொள்கிறேன் என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது.

கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் வாய் திறக்கும் நொடியில் மட்டும் அல்ல. பேச்சின் பகுதியாக ஏதாவது அசைவு செய்தாலும் தொடங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். மேடையின் ஓரத்திலிருந்து எதையோ தேடுவது போல நடித்துக்கொண்டு நடுவுக்கு வந்தால், அந்த ஆறேழு நொடியும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

ஸ்லைடு ஒன்றே ஒன்று. அதில் எதுவும் நகரக் கூடாது, மறைந்து தோன்றக் கூடாது. தனியாக ஒலி, வீடியோ எதுவும் போடக் கூடாது. கையில் பொருள், வேடம், இசைக் கருவி, ஆய்வகச் சாமான் எதற்கும் அனுமதி இல்லை. பேச்சு பேச்சாகவே இருக்க வேண்டும். கவிதை, ராப், பாட்டு கூடாது. கடைசி விதியை வேடிக்கையாக நினைப்பவர்கள் உண்டு. யாரோ ஒருவர் செய்து பார்த்த பிறகுதான் இப்படி விதிகள் எழுதப்படும் என்பது என் ஊகம்.

உங்கள் பல்கலைக்கழகம் இவற்றில் சிலவற்றைத் தளர்த்தியிருக்கலாம், வேறு சிலவற்றைச் சேர்த்திருக்கலாம். அவர்கள் அனுப்பும் விதித்தாளைத்தான் கடைசியாக நம்ப வேண்டும்.

சரியாக மூன்று நிமிடத்துக்குத் தயார் செய்தால் போதுமா?

போதாது. தனியறையில் 2 நிமிடம் 40 நொடிக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் சிலர் வேகமாகப் பேசுவார்கள், சிலர் இழுப்பார்கள். எந்த ரகம் நீங்கள் என்பது நாலு பேர் முன்னால் பேசிப் பார்க்கும்வரை உங்களுக்கே தெரியாது. இன்னொன்று, நீங்கள் சொன்ன ஒரு வரிக்கு அரங்கம் சிரித்தால் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். நகைச்சுவை பலிப்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டிய போட்டி இது.

எத்தனை சொல் எழுதலாம்?

ஆங்கிலத்தில் என்றால் 380 முதல் 420 வரை நிதானமாகப் பேசலாம். தமிழில் விகுதிகளும் உருபுகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளம், எண்ணிக்கை அதைவிட நன்றாகவே குறையும். எந்த மொழியானாலும் சொல்லை எண்ணுவதைவிட டைமரை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பதுதான் நம்பகமானது. மனதுக்குள் படித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

நடுவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்?

இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்று, கேட்பவருக்குப் புரிந்ததா: ஆய்வின் பின்னணி, அது ஏன் முக்கியம், என்ன முடிவு, அதனால் என்ன ஆகும். இவையெல்லாம் ஒழுங்கான வரிசையில், துறைசாராதவருக்கேற்ற மொழியில் வந்தனவா. இரண்டாவது, கேட்பவரைப் பிடித்து வைத்ததா: குரல், பார்வை, நிற்கும் விதம், ஸ்லைடு, இன்னும் கேட்க வேண்டும் என்ற ஆசையைத் தூண்டியதா.

இரண்டுக்கும் சம எடை. அதனால் பேச்சாற்றல் இருந்தால் போதும் என்பதும் சரியில்லை, ஆய்வு பெரிதாக இருந்தால் போதும் என்பதும் சரியில்லை. ஆய்வின் தரத்தை இங்கே யாரும் அளப்பதில்லை. மூன்று நிமிடம் கேட்டுவிட்டு அதை யாராலும் அளக்கவும் முடியாது.

அளவுகோலில் இரண்டு வரிகளைப் பெரும்பாலானோர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஒரே அம்சத்தில் அதிக நேரம் செலவழித்துவிட்டு மற்றதை அவசர அவசரமாக முடித்தாரா என்பது ஒன்று. ஆய்வை மலினப்படுத்தாமலும் பொத்தாம்பொதுவாக்காமலும் சொன்னாரா என்பது மற்றொன்று.

இவ்வளவு பெரிய ஆய்வை எப்படிச் சுருக்குவது?

சுருக்க முயலாதீர்கள். ஐந்து இயலையும் ஆளுக்கு முப்பது நொடி என்று பங்கு போட்டால் எந்த இயலும் புரியாது. ஆய்வேட்டுக்குள் இருக்கும் ஒரே ஒரு கேள்வியை எடுத்து அதை மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். மீதி நான்கு இயலும் அந்த மேடையில் இல்லவே இல்லை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். இரண்டு வருஷம் உழைத்து உருவாக்கிய கருவி, ஒரு வரிகூட வராமல் போகலாம்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘திண்ம மின்பகுபொருள் கொண்ட லித்தியம் உலோக மின்கலங்களில் இடைமுக நிலைப்புத்தன்மை’ என்பது ஆய்வுத் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான தொடக்கம் இப்படி இருக்கும்:

“அனைவருக்கும் வணக்கம். நான் இன்ன துறையில், இன்னாருடைய மேற்பார்வையில் ஆய்வு செய்கிறேன். என் ஆய்வின் தலைப்பு திண்ம மின்பகுபொருள் கொண்ட...”

இதிலேயே பதினைந்து நொடி போய்விட்டது. உங்கள் பெயரையும் துறையையும் தொகுப்பாளர் ஏற்கெனவே அறிவித்திருப்பார். இப்போது இதைப் பாருங்கள்:

“தலைமுடியைவிட மெல்லிய ஓர் ஊசி, ஒரு பேட்டரியையே கொளுத்திவிடும். அந்த ஊசியை யாரும் உள்ளே வைக்கவில்லை. சார்ஜ் ஏற்றும்போது, உள்ளிருக்கும் லித்தியம்தான் சில சமயம் ஊசி ஊசியாக வளர்கிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். குறுக்கே கெட்டியான பீங்கானை வைத்தால் ஊசி நின்றுவிடும் என்று நம்பினார்கள். நிற்கவில்லை. பீங்கானில் இருந்த விரிசல் வழியாகப் புகுந்தது. விரிசல் முதலில் வந்து அதில் லித்தியம் நுழைந்ததா, இல்லை லித்தியம் நுழைந்து விரிசலை உண்டாக்கியதா? என் ஆய்வு இந்த ஒரு கேள்விதான்.”

நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய முப்பத்தைந்து, நாற்பது நொடி. மின்பகுபொருள் (அந்தப் பீங்கான்), இடைமுகம் (லித்தியமும் பீங்கானும் சந்திக்கும் பரப்பு), டென்ட்ரைட் (அந்த ஊசி) என்ற சொற்கள் ஒன்றுகூட வரவில்லை, ஆனால் மூன்றும் உள்ளே இருக்கின்றன. கேட்பவருக்கு ஒரு புதிர் கிடைத்துவிட்டது. பதில் தெரியும்வரை அவர் உங்களோடு இருப்பார். ‘சில சமயம்’ என்ற இரண்டு சொல்லையும் கவனியுங்கள். அதை எடுத்துவிட்டால் வாக்கியம் இன்னும் விறைப்பாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். இப்படி ஒவ்வொரு வரியிலும் எதை விடலாம், எதை விடவே கூடாது என்று முடிவெடுப்பதில்தான் தயாரிப்பு நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும்.

இதற்குப் பிறகு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கு இரண்டு மூன்று வாக்கியம். பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன் என்பது போல, கண்ணால் காணக்கூடிய ஒரு செயலாகச் சொன்னால் போதும். கருவியின் மாதிரி எண் யாருக்கும் வேண்டாம். அப்புறம் என்ன தெரிந்தது, அதற்கு ஒரு நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். பெரும்பாலான பேச்சுகள் இங்கேதான் சறுக்குகின்றன. பின்னணியிலேயே இரண்டு நிமிடம் கழிந்து, சொந்தக் கண்டுபிடிப்பு மூச்சிரைக்க இருபது நொடியில் வந்துபோகும். கேட்டவருக்கு உலகின் பிரச்சினை புரிந்திருக்கும், அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது புரிந்திருக்காது.

இலக்கிய மீளாய்வு, அதாவது இதற்கு முன் மற்றவர்கள் செய்த ஆய்வுகளின் அலசல், அடியோடு வேண்டாம். ‘இதுவரை யாரும் இதைச் செய்யவில்லை’ என்ற வரியும் பெரும்பாலும் வீண், ஏனென்றால் இதுவரை யார் என்ன செய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. எண் என்று ஒன்று சொல்ல வேண்டுமானால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். மூன்று சதவீதங்களை அடுத்தடுத்து அடுக்கினால் மூன்றுமே நிற்காது.

நீங்கள் தேர்ந்தெடுத்த கேள்வி சரியானதா என்று பார்க்க ஒரு சோதனை: துறைக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் பேசிக் காட்டுங்கள். உடனே கருத்துக் கேட்காதீர்கள், ‘நல்லா இருந்துச்சு’ என்றுதான் வரும். மறுநாள் அவரிடம், நான் நேற்று என்ன சொன்னேன் என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு வரிதான் உங்கள் பேச்சு. அந்த இரண்டு வரி உங்கள் ஆய்வாக இல்லை என்றால் வேறு எதையோ பேசியிருக்கிறீர்கள்.

கலைச்சொற்களை முழுவதும் தவிர்க்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இல்லாமல் முடியவே முடியாது என்ற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பொருளை விளக்கிவிட்டு, பிறகு அதன் பெயரைச் சொல்லுங்கள். ‘சார்ஜ் ஏற்றும்போது வளரும் இந்த ஊசிகளுக்கு டென்ட்ரைட் என்று பெயர்’ என்றால் எளிதாக ஒட்டிக்கொள்ளும். பெயரை முதலில் போட்டுவிட்டு விளக்கம் தேடினால் கேட்பவர் அந்தப் பெயரிலேயே நின்றுவிடுவார்.

உண்மையான தொல்லை பெரிய கலைச்சொற்களால் வருவதில்லை. அவை உங்களுக்கே உறுத்தும், நீக்கிவிடுவீர்கள். ‘மாதிரி’, ‘பிழை’, ‘முக்கியத்துவம்’ போன்ற சாதாரணச் சொற்கள்தான் ஏமாற்றும். புள்ளியியலில் முக்கியமான வேறுபாடு என்றால் ஒரு பொருள், தெருவில் அதே சொல்லுக்கு வேறு பொருள். மாறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று நீங்கள் சொல்ல, பெரிய மாற்றம் என்று அவர் புரிந்துகொள்வார்.

என்னுடையது இலக்கியம், வரலாறு. கருவியும் இல்லை, நோயும் இல்லை. எனக்கு வாய்ப்பு உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. புதிர் வேண்டும் என்றேனே, அது உங்கள் துறைகளில் குறைவா என்ன? ஒரே நூலின் பல சுவடிகளை ஒப்பிட்டு மூலபாடத்தைத் தேடும் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்த்தெழுதியவர் ஓரிடத்தில் தவறு செய்கிறார். அந்தச் சுவடியைப் பார்த்து எழுதியவரும் அதே தவறைச் செய்கிறார். இரண்டு சுவடிகளில் ஒரே விசித்திரமான பிழை இருந்தால் இரண்டும் ஒரே வம்சம். சரியான பாடம் எதிலிருந்து எதற்கு வந்தது என்று சொல்ல முடியாது, சரியானது எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிழையை வைத்துத்தான் பரம்பரை வரைய முடியும். இதை நாற்பது நொடியில் சொல்லிப் பாருங்கள், பேட்டரிக்காரர் கொஞ்சம் கலங்குவார்.

இந்தத் துறையினர் செய்யும் ஒரு வேலைதான் எனக்குப் பிடிப்பதில்லை. பயன் சொல்லியாக வேண்டும் என்ற பதற்றத்தில், கடைசி இருபது நொடியில் தங்கள் ஆய்வு சமூகத்தையே மாற்றிவிடும் என்று ஒட்டவைப்பது. நடுவர்கள் கேட்பது முக்கியத்துவம். அதற்கு லாபம், மருந்து, கொள்கை என்றுதான் பொருள் என்று யார் சொன்னது? நாம் ஒன்றை இதுவரை தவறாகப் புரிந்து வைத்திருந்தோம் என்று காட்டினாலே முக்கியத்துவம்தான்.

தூய கணிதம்?

கடினம், மறைக்க வேண்டாம். நிறுவலைச் சொல்ல முயல வேண்டாம். கேள்வியைச் சொல்லுங்கள், அது ஏன் பார்ப்பதற்கு எளிதாகத் தெரிந்தும் பிடிகொடுக்கவில்லை என்று சொல்லுங்கள், சிறிய எண்களை வைத்து ஓர் எடுத்துக்காட்டு காட்டுங்கள். எல்லாவற்றையும் கடைசியில் மறைகுறியாக்கத்தில் கொண்டுபோய் முடிக்கும் பழக்கம் கணிதப் பேச்சுகளில் அதிகம். உங்கள் ஆய்வு உண்மையிலேயே அங்கே போனால் ஒழிய அதை விட்டுவிடலாம்.

எனக்கு இன்னும் முடிவுகள் வரவில்லையே?

பரவாயில்லை. இதுவரை தெரிந்ததையும், எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். ‘கண்டுபிடித்தேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொன்னால் மதிப்பெண் குறையும் என்று பயப்படுகிறார்கள். எதிர்பார்த்த முடிவு வராமல் போனதையே கதையாகச் சொல்லி அரங்கத்தைக் கட்டிப்போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆய்வின் முதல் ஆண்டிலேயே வந்து நிற்பதுதான் சிரமம், அப்போது சொல்வதற்குப் பின்னணி மட்டுமே இருக்கும்.

இது ஆய்வைக் கொச்சைப்படுத்துகிறது என்கிறார் என் நெறியாளர்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மோசமாகத் தயாரித்த மூன்று நிமிடம் விளம்பரம் மாதிரிதான் இருக்கும். புற்றுநோய்க்கு வழி பிறந்துவிட்டது, பருவநிலைக்குத் தீர்வு கிடைத்துவிட்டது என்று முடியும் பேச்சுகளைக் கேட்டவர் யாரும் அவரோடு உடன்படுவார்கள். எலியில் பார்த்ததை மனிதனில் பார்த்தது போலச் சொல்வது, தொடர்பை மட்டுமே கண்டுவிட்டுக் காரணம் என்று சொல்வது, ஆய்வகத்தில் ஒரு சின்ன வில்லையில் நடந்ததைத் தொழிற்சாலைக்குத் தயார் என்று சொல்வது, இவை மூன்றும் அடிக்கடி வருபவை.

அதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு: எழுதிய பேச்சை நெறியாளரிடமே கொடுத்து, எந்த வாக்கியத்தை வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) உங்களால் காப்பாற்ற முடியாது என்று கேளுங்கள். எளிமையாக்கிய வாக்கியத்துக்கும் தவறான வாக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு உடனே தெரியும். ஆனால் ஒன்று. அவர் கேட்கும் விதிவிலக்குகளை எல்லாம் உள்ளே சேர்த்தால் பேச்சு மறுபடியும் ஆய்வுச் சுருக்கமாகிவிடும். தவறைத் திருத்துங்கள், முழுமையைச் சேர்க்காதீர்கள்.

ஸ்லைடு எப்படி இருக்க வேண்டும்?

பின்வரிசையில் இருப்பவர் மூன்று நொடியில் பார்த்துவிட்டு மறுபடி உங்களைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரே படம் போதும், நாலைந்து சொல்லுக்கு மேல் எழுத்து வேண்டாம். ஆய்வுக் கட்டுரையிலிருந்து வரைபடத்தை வெட்டி ஒட்டினால் அச்சுகளின் பெயரைப் படிக்கவே அவர்களின் நேரம் போய்விடும்.

படம் பேச்சில் ஏதாவது ஓரிடத்திலாவது தேவைப்பட வேண்டும். ஊசி வளர்வதை நுண்ணோக்கியில் எடுத்த படம் என்றால், ‘இதோ திரையில் இருப்பதுதான் அது’ என்று ஒரு முறை கை காட்டலாம். படம் யாருடையது என்பதையும் பாருங்கள். இணையத்தில் கிடைத்தது என்பதால் உங்களுடையது ஆகிவிடாது, போட்டி வீடியோ பொதுவில் ஏறும்போது சிக்கல் வரும். கள ஆய்வில் எடுத்த மனிதர்களின் புகைப்படம் என்றால், ஆய்வுக்கு அவர்கள் தந்த ஒப்புதல் மேடைக்கும் வீடியோவுக்கும் சேர்த்துத் தரப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது.

மனப்பாடம் செய்யலாமா? பார்த்துப் படிக்கலாமா?

குறிப்பைப் பார்த்துப் படித்தால் கண் பார்வைக்கான மதிப்பெண் போய்விடும். சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவும்போது மொத்தமும் நழுவும். முதல் இரண்டு வரியையும் கடைசி இரண்டு வரியையும் அப்படியே மனதில் பதித்துக்கொண்டு, நடுவில் இருப்பதைப் படிகளாக நினைவில் வைப்பது பலருக்கும் ஒத்துவருகிறது: ஊசி, பீங்கான், விரிசல், எக்ஸ்ரே, விடை என்பது போல. ஒரு வரி விட்டுப்போனாலும் அடுத்த படி எது என்று தெரியும். நீங்கள் விட்ட வரி அரங்கத்தில் யாருக்கும் தெரியாது, உங்கள் முகம் காட்டிக்கொடுக்காதவரை.

உச்சரிப்பு சரளமாக இல்லை, மொழி தடுக்கிறது. அதனால் தோற்பேனா?

அளவுகோலில் உச்சரிப்பு என்று ஒரு வரி இல்லை. வேகத்தைக் குறையுங்கள், வாக்கியங்களைச் சின்னதாக்குங்கள், நாக்கு புரளாத சொல்லுக்கு வேறு சொல் போடுங்கள். வேகமாகப் பேசினால்தான் சரளம் என்ற எண்ணம்தான் பலரைக் கவிழ்க்கிறது.

தாய்மொழியில் பேசும் போட்டிகளும் இருக்கின்றன. இந்த ஆஸ்திரேலியப் போட்டியைப் பார்த்து 2012-ல் கனடாவின் கியூபெக்கில் ‘அக்ஃபாஸ்’ என்ற அமைப்பு பிரெஞ்சு மொழியில் ‘180 நொடியில் என் ஆய்வேடு’ என்ற போட்டியைத் தொடங்கியது. 2014-ல் அது பிரான்சுக்கும் போனது. ஆய்வை அவரவர் மொழியில் சொல்வதற்கு மூன்று நிமிடம் ஒரு நல்ல அளவு என்பதற்கு அது சான்று. தமிழில் ஒரு துறை நடத்த நினைத்தால் அரங்கம், மைக், டைமர் தவிரப் பெரிதாக எதுவும் தேவைப்படாது. குவீன்ஸ்லாந்தின் போட்டிப் பெயரை அப்படியே பயன்படுத்துவதானால் மட்டும் அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும்.

இன்னும் காப்புரிமை வாங்கவில்லை, கட்டுரையும் வெளிவரவில்லை. மேடையில் சொன்னால் ஆபத்தா?

காப்புரிமை விஷயத்தில் உண்மையிலேயே ஆபத்து. விண்ணப்பிக்கும் முன்பு பொதுவெளியில் சொல்லிவிட்டால், அது வாய்மொழியாக இருந்தாலும், பல நாடுகளில் புதுமை போய்விட்டதாகக் கருதப்படும். ஐரோப்பியச் சட்டம் இதில் மிகக் கண்டிப்பானது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் ஓராண்டு அவகாசம் உண்டு. வேறு எங்கே விண்ணப்பிப்பீர்கள் என்று இப்போதே தெரியாதபோது அந்த அவகாசத்தை நம்பிப் பேசிவிடக் கூடாது. பெயர் கொடுக்கும் முன்பே நெறியாளரிடமும், பல்கலைக்கழகத்தின் காப்புரிமைப் பிரிவிடமும் கேட்டுவிடுங்கள். பல நேரம் நுணுக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் பேசினாலே போதும், மூன்று நிமிடத்தில் நுணுக்கத்துக்கு எப்படியும் இடம் இல்லை.

ஆய்வு இதழ்களைப் பொறுத்தவரை, கருத்தரங்கில் பேசுவதை முன்வெளியீடாக அவை பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் தொழில் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வு என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

வீடியோவாக அனுப்பச் சொல்கிறார்கள். அது எளிதா?

எளிது என்றுதான் தோன்றும், எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாமே. ஆனால் வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நாற்பதாவது முறை எடுக்கும்போது முகத்தில் உயிர் இருக்காது. ஒலிக்கு முதலிடம் கொடுங்கள். மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்வார்கள், எதிரொலிக்கும் குரலைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். கேமராவின் கண்ணைப் பாருங்கள், திரையில் தெரியும் உங்கள் முகத்தை அல்ல.

இதே போல வேறு என்ன போட்டிகள் இருக்கின்றன?

‘ஃபேம்லேப்’ 2005-ல் இங்கிலாந்தின் செல்ட்னம் அறிவியல் விழாவில் தொடங்கியது. அதுவும் மூன்று நிமிடம்தான், ஆனால் ஸ்லைடு கிடையாது, கையில் எடுத்துவரக்கூடிய பொருள்களைக் காட்டலாம். சொந்த ஆய்வைத்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜெர்மனியில் ‘சயின்ஸ் ஸ்லாம்’: 2006-ல் டார்ம்ஷ்டாட் நகரில் ஆரம்பம், வழக்கமாகப் பத்து நிமிடம், தீர்ப்பு பார்வையாளர்கள் கையில். மேடைக் கவிதைப் போட்டியிலிருந்து பிறந்தது என்பதால் சிரிப்புக்கு அங்கே அதிக இடம். ‘ஃபாலிங் வால்ஸ் லேப்’ பெர்லினில் இறுதிச் சுற்று நடத்துகிறது. அங்கேயும் மூன்று நிமிடம், ஆய்வோடு புதிய திட்டங்களையும் தொழில் யோசனைகளையும் பேசலாம்.

பேசவே வேண்டாம் என்பவர்களுக்கு ‘டான்ஸ் யுவர் பி.எச்டி.’ இருக்கிறது. ஜான் பொஹானன் தொடங்கியது, ‘சயின்ஸ்’ இதழின் ஆதரவில் நடக்கிறது. ஆய்வை நடனமாக்கி வீடியோ அனுப்ப வேண்டும், ஆய்வாளரும் அதில் ஆடியாக வேண்டும். பின்வரிசையில் மரம் போல நின்றால் போதும் என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

வென்றால் என்ன கிடைக்கும்? தோற்றால்?

வெற்றியாளர், இரண்டாமிடம், பார்வையாளர் தேர்வு என்று மூன்று பரிசுகள் இருப்பது வழக்கம். பணமாகவோ மாநாட்டுப் பயண உதவியாகவோ தருவார்கள், தொகை இடத்துக்கு இடம் மாறும். கல்வித் தகுதியாக இதற்குப் பெரிய எடை கிடையாது. நேர்முகத் தேர்வில் ‘உங்கள் ஆய்வைச் சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது, நிதி விண்ணப்பத்தில் பொதுமக்களுக்கான சுருக்கம் எழுதும்போது, ஆய்வேட்டின் முன்னுரையைத் திருத்தும்போது பயன்படும். இந்த மூன்றுக்கும் பரிசு தேவையில்லை, தயாரித்திருந்தால் போதும். ஆய்வேட்டை எழுதி முடிக்க வேண்டிய கடைசி மாதங்களில் இருப்பவர்கள் மட்டும் இந்த ஆண்டை விட்டுவிடலாம்.

தயாரிக்க எவ்வளவு நாள் வேண்டும்?

ஒரே மூச்சாக உட்கார வேண்டாம். மூன்று நான்கு வாரத்துக்கு முன்பு கேள்வியைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடுங்கள், பிறகு தினமும் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசி வாரத்தில் சொற்களை மாற்றாதீர்கள். பழைய வடிவமும் புதிய வடிவமும் மேடையில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கும்.

பெயர் கொடுத்துவிட்டேன், இப்போது விலகலாமா?

விலகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். முடிவு செய்தவுடன் நடத்துபவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இடம் கிடைக்காமல் காத்திருப்பவர் இருப்பார், அவருக்கும் தயாரிக்க ஒரு வாரமாவது வேண்டும்.